அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ்

முதலில் ஒரு கணக்கு. டீ வருவதற்குள் போட்டுவிடலாம்.

7 − 2(க − 3) = 1 எனில், க-வின் மதிப்பு என்ன?

கொடுத்திருக்கும் விடைகள்: 0, −6, 16/5, 6.

வினாத்தாளில் எக்ஸ் என்றுதான் இருக்கும். இங்கே நான் 'க' என்று எழுதுகிறேன். கண்டுபிடிக்க வேண்டியதன் முதல் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அதனால் மாறப்போவதில்லை.

பத்தாம் வகுப்பு தாண்டிய யாருக்கும் இது புதிய கணக்கு இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் தரமும் பத்தாம் வகுப்புத்தான். 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 25 வினா திறனறிவுக்குப் போகிறது. சுருக்குதல், விழுக்காடு, விகிதம், வட்டி, பரப்பளவு, காலமும் வேலையும் என்று தலைப்புகள் வரும். இயற்கணிதம் என்று பெயர் சொல்லிப் பயமுறுத்துவது குறைவு. ஆனால் இந்தத் தலைப்புகளில் எதைத் தொட்டாலும் இரண்டாவது வரியில் ஒரு சமன்பாடு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிழையில்லாமல் தீர்க்க வராதவருக்கு வட்டிச் சூத்திரம் தலைகீழாகத் தெரிந்தும் பலனில்லை.

இப்போது அந்த நான்கு விடைகளையும் பாருங்கள். சரியான விடை 6. மற்ற மூன்றும் வாய்க்கு வந்தபடி போட்ட எண்கள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பிழைக்காகவே செய்து வைத்த விடை.

7-லிருந்து 2-ஐ முதலில் கழித்துவிட்டு 5(க − 3) = 1 என்று எழுதுகிறவருக்கு 16/5 வரும். பெருக்கல் முதலில், கழித்தல் பிறகு என்ற வரிசை அவருக்குத் தெரியாமல் இல்லை. இடமிருந்து வலமாக வாசிக்கிற கண் அவசரப்பட்டுவிட்டது. 2-க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே பெருக்கல் குறி கண்ணில் படாமல் ஒளிந்திருப்பதுதான் காரணம். 7 − 2 × (க − 3) என்று இருந்திருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

அடைப்புக்குறியைச் சரியாகவே பிரித்து 13 − 2க = 1 வரைக்கும் வந்து, −2க = −12 என்றும் எழுதிவிட்டு, கடைசி வரியில் ஒரு மைனஸை மட்டும் அடித்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறவருக்கு −6. வேலையில் முக்கால்வாசியை முடித்துவிட்டுக் கடைசிப் படியில் தடுக்கியவர் இவர். எனக்கு இவர்மேல்தான் பரிதாபம் அதிகம்.

இந்த மூன்றில் கூட்டம் அதிகமாகப் போய் விழுகிற இடம் 0. எங்கள் பகுதி நூலகத்தில் குரூப் 4-க்குப் படிக்கும் ஒரு பெண் தன் நோட்டைக் காட்டினார். இப்படி எழுதியிருந்தார்:

7 − 2க − 6 = 1
1 − 2க = 1
க = 0

"எங்கே சார் தப்பு?" என்றார். முதல் வரியிலேயே இருக்கிறது. −2 என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு உறுப்புகளையும் பெருக்க வேண்டும். −2 × க என்பது −2க, சரி. −2 × −3 என்பது +6. அவர் முதல் உறுப்பை −2-ஆல் பெருக்கினார். இரண்டாவதை வெறும் 2-ஆல் பெருக்கி, உள்ளே இருந்த மைனஸை அப்படியே வெளியே இறக்கிவைத்தார். வாய்ப்பாடு சரி, விதியும் தெரியும். "மைனஸ் இன்டூ மைனஸ்?" என்று கேட்டவுடன் "பிளஸ்" என்று பதில் வந்தது. ஆனால் அங்கே இரண்டு மைனஸ் சந்திக்கின்றன என்பதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. 2-க்கு முன்னால் நின்ற கழித்தல் குறியை 7-க்குச் சொந்தமானது என்று நினைத்துவிட்டார்.

இதற்கு நான் சொல்லிக்கொடுத்தது அழகான வழி இல்லை, ஆனால் வேலை செய்கிற வழி. அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் வந்தால், அந்த மைனஸையும் அதை ஒட்டிய எண்ணையும் சேர்த்து ஒரு வட்டம் போடுங்கள். 7 தனி, −2 தனி. வட்டத்துக்குள் இருப்பது உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் பெருக்கும். பெருக்கியதைக் குறியோடு எழுதுங்கள்: −2க, +6. அதற்குப் பிறகு 7-ஐப் பக்கத்தில் சேருங்கள். 7 − 2க + 6 = 1. 13 − 2க = 1. இரண்டு பக்கமும் 13-ஐக் கழித்தால் −2க = −12. இரண்டு பக்கமும் −2-ஆல் வகுத்தால் க = 6.

விடையைப் பழைய சமன்பாட்டிலேயே வைத்துப் பாருங்கள். 6 − 3 = 3. 2 × 3 = 6. 7 − 6 = 1. சரி. அந்தப் பெண்ணின் 0-ஐ வைத்தால் 0 − 3 = −3; −2 × −3 = 6; 7 + 6 = 13. இடப்பக்கம் 13, வலப்பக்கம் 1. பொய் உடனே வெளியே வந்துவிட்டது. ஒரு கை விரல் மடக்குகிற நேரம்தான் ஆகும் இதற்கு.

"இரண்டு பக்கமும் 13-ஐக் கழித்தால்" என்று சொன்னேன், கவனித்தீர்களா? பள்ளிக்கூடத்தில் நாம் பழகியது வேறு: "13 அந்தப் பக்கம் போனால் மைனஸ் 13." இந்த ஒரு வாக்கியத்தின்மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அது பொய் இல்லை. கை தேர்ந்தவர்களுக்கு அது வேகம் தரும். ஆனால் எண் ஏன் குறி மாறுகிறது என்பதை அது மறைத்துவிடுகிறது. எண் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணைக் கழித்தோம். ஒரு பக்கத்தில் அது இருந்ததோடு அடிபட்டுப்போனது, மறுபக்கத்தில் மைனஸாக நிற்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

இது தெரியாமல் விதியை மட்டும் வைத்திருப்பவர் எங்கே மாட்டுவார் என்று பாருங்கள். −3க = 12 என்று ஒரு வரி. "3 அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று விதி சொல்கிறது. சிலர் க = 12 + 3 என்று எழுதி 15 என்பார்கள். சிலர் −3 போனால் +3 ஆக வேண்டும் என்று க = 12/3 = 4 என்பார்கள். இரண்டுமே விதிக்குக் கீழ்ப்படிந்த பிள்ளைகள் செய்யும் பிழை! பெருக்கிக்கொண்டிருக்கும் எண்ணைக் கழற்ற வகுக்க வேண்டும். எந்த எண் பெருக்குகிறதோ அதே எண்ணால், அதன் குறியோடு. −3-ஆல் இரண்டு பக்கமும் வகுத்தால் க = −4. கூட்டலைக் கழற்றக் கழித்தல், பெருக்கலைக் கழற்ற வகுத்தல். குறி மாறுவது முதல் வகையில் மட்டும்தான்.

தராசு உதாரணத்தை எல்லாப் புத்தகத்திலும் பார்த்திருப்பீர்கள்: இந்தத் தட்டில் எடுத்தால் அந்தத் தட்டிலும் எடு. நல்ல உதாரணம்தான், ஆறாம் வகுப்புக்கு. ஆனால் மைனஸ் 4 கிலோ கத்தரிக்காயை எந்தத் தட்டில் வைப்பது என்று ஒரு குழந்தை கேட்டால் தராசு கைவிட்டுவிடும். தேர்வில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த மைனஸ்தான். அதனால் தராசைவிட, சமக்குறி என்ன சொல்கிறது என்பதை நேராகவே புரிந்துகொள்வது மேல்.

அந்த இரண்டு கோடுகளை முதன்முதலில் அச்சில் போட்டவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர். ஆண்டு 1557. ஒவ்வொரு தடவையும் 'இதற்குச் சமம்' என்று சொற்களில் எழுதி அலுத்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறு இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த ஆண்டே மனிதர் சிறையில் இறந்துபோனார். சமக்குறியோ உலகத்தையே பிடித்துக்கொண்டது.

ஆனால் நம்மில் பலர் அந்தக் குறியை 'சமம்' என்று படிப்பதில்லை. 'விடை வருகிறது' என்று படிக்கிறோம். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். 8 + 4 = □ + 5. கட்டத்துக்குள் என்ன? ஏராளமான குழந்தைகள் 12 என்று எழுதினார்கள். 8-ம் 4-ம் 12, விடை வந்துவிட்டது, பிறகு அந்த 5 எதற்கு இருக்கிறது என்று அவர்கள் கேட்கவே இல்லை. சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 போட்டார்கள். சரியானது 7. நம் ஊர்ப் பிள்ளைகளின் ரஃப் தாளில் இதே நோயின் இன்னொரு உருவம் இருக்கும்:

3க + 7 = 22 = 22 − 7 = 15 = 15/3 = 5

படித்துப் பாருங்கள். 22-ம் 15-ம் 5-ம் சமம் என்கிறது இந்த வரி. விடை 5 என்பது சரிதான், ஆனால் எழுதியது முழுப் பொய். இந்தச் சின்னக் கணக்கில் தப்பித்துவிடலாம். இரண்டு பக்கமும் க இருக்கும் கணக்கில் இந்தப் பழக்கம் ஆளை அடித்துவிடும்.

5க − 4 = 2க + 11 என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு ஒரு சமக்குறி, ஒரு வரிக்கு ஒரு வேலை, சமக்குறிக்கு நேர் கீழே சமக்குறி.

5க − 4 = 2க + 11
3க − 4 = 11
3க = 15
க = 5

முதல் படியில் இரண்டு பக்கமும் 2க கழித்தோம். அடுத்து இரண்டு பக்கமும் 4 கூட்டினோம். பிறகு 3-ஆல் வகுத்தோம். சரிபார்க்க: இடப்பக்கம் 25 − 4 = 21; வலப்பக்கம் 10 + 11 = 21. எந்தப் பக்கம் க அதிகமாக இருக்கிறதோ அங்கேயே க-வைச் சேர்த்துக்கொண்டால் மைனஸ் கெழு வராது. இது விதி இல்லை, வசதி. ஆனால் பிழை குறையும்.

டீயைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. அடுத்தது பின்னம். இதில்தான் நேரமும் போகும், மதிப்பெண்ணும் போகும்.

(க + 1)/2 − (க − 2)/3 = 3

பின்னம் கண்டவுடன் குறுக்குப் பெருக்கலுக்குக் கை போகும். அதைக் கட்டிப் போடுங்கள். குறுக்குப் பெருக்கல் என்பது ஒரு பக்கம் ஒரே ஒரு பின்னம், மறுபக்கம் ஒரே ஒரு பின்னம் என்று இருக்கும்போது மட்டும். இங்கே இடப்பக்கத்தில் இரண்டு இருக்கின்றன, நடுவில் மைனஸும் இருக்கிறது. செய்ய வேண்டியது: 2-க்கும் 3-க்கும் மீ.சி.ம. 6. சமன்பாட்டில் உள்ள மூன்று உறுப்புகளையும், வலப்பக்கத்து 3 உள்பட, 6-ஆல் பெருக்க வேண்டும்.

3(க + 1) − 2(க − 2) = 18
3க + 3 − 2க + 4 = 18
க + 7 = 18
க = 11

வைத்துப் பாருங்கள்: 12/2 − 9/3 = 6 − 3 = 3. சரி.

இங்கே இரண்டு குழிகள். வலப்பக்கத்து 3-ஐ 6-ஆல் பெருக்க மறந்தால் க + 7 = 3; விடை −4. பின்னமாக இல்லாத எண்ணைப் பார்த்ததும் 'இதற்கு என்ன வேலை' என்று விட்டுவிடுகிற மறதி இது. இரண்டாவது குழி பழைய நண்பர்தான். −2 × −2 என்பதை −4 என்று எழுதினால் 3க + 3 − 2க − 4 = 18; விடை 19. தொகுதியில் இரண்டு உறுப்புகள் இருக்கும்போது பின்னக்கோடே ஓர் அடைப்புக்குறிதான். (க − 2)/3 என்பதை நான் இங்கே அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கிறேன். வினாத்தாளில் மேலே க − 2, நடுவே கோடு, கீழே 3 என்று அச்சாகியிருக்கும், அடைப்புக்குறி இருக்காது. பகுதியை நீக்கும் அந்த நொடியில் நீங்களாகவே அடைப்புக்குறியைப் போட்டாக வேண்டும். அதைப் போடாமல் மனத்திலேயே பெருக்குகிறவர்கள்தான் 19-ஐத் தேர்ந்தெடுத்து ஓ.எம்.ஆர். தாளில் நிம்மதியாகக் கறுப்படிக்கிறார்கள்.

இனி, கணக்கைச் சரியாகப் போட்டும் மதிப்பெண்ணை இழக்கும் கலை ஒன்று இருக்கிறது. 2க − 1 = 9 எனில் 4க + 3-இன் மதிப்பு என்ன? க = 5 என்று கண்டுபிடித்ததும் ஒரு மகிழ்ச்சி வருமே, அந்த மகிழ்ச்சியில் கண் விடைகளைத் தேடும். அங்கே 5 காத்துக்கொண்டிருக்கும். கேட்டது க இல்லை, 23. இந்த வகைக் கேள்வியில் க-வைத் தனியாகப் பிடிக்க வேண்டிய தேவைகூட இல்லை. 2க = 10, ஆகவே 4க = 20, ஆகவே 23. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் சாட் தேர்வில் இந்தப் பொறி ரொம்பப் பிரபலம். நம் தேர்வுகளிலும் குறைவில்லை. வினாவில் கேட்டது எதுவோ அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு ஆரம்பிப்பவர் இதில் சிக்க மாட்டார்.

வாக்கியக் கணக்குகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சமன்பாட்டைத் தீர்ப்பதில் இல்லை தொல்லை, எழுதுவதில் இருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை ப. சமன்பாடு எழுதுக. நூற்றுக்கு 37 பேர் தப்பாக எழுதினார்கள். தப்பில் பெரும்பங்கு ஒரே வகை: 6ம = ப. பொறியியல் மாணவர்கள்!

ஏன் இப்படி? '6ம' என்று எழுதும்போது அவர்கள் மனத்தில் 'ஆறு மாணவர்' என்ற படம். பக்கத்தில் 'ஒரு பேராசிரியர்'. ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர், 6ம = ப. ஆனால் ம என்பது மாணவர் இல்லை, மாணவர்களின் எண்ணிக்கை. மாணவர் கூட்டம் பெரியது. சிறிய எண்ணைத்தான் ஆறால் பெருக்கினால் பெரிய எண் கிடைக்கும். ம = 6ப. ஐயம் வந்தால் எண் போட்டுப் பாருங்கள்: பேராசிரியர் 10 என்றால் மாணவர் 60. 60 = 6 × 10. எது சரி என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். விகிதக் கணக்குகளிலும் சம்பளக் கணக்குகளிலும் இந்தத் தலைகீழ் மாற்றம் ஓயாமல் நடக்கிறது.

வயதுக் கணக்குகளில் வேறு விதம். அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பிறகு 3 மடங்காக இருக்கும். மகனின் இப்போதைய வயது என்ன? மகன் க, அப்பா 4க. ஐந்து ஆண்டுக்குப் பின் அப்பா 4க + 5. மகனுக்கும் ஐந்து கூட வேண்டும்: க + 5. அதன் மூன்று மடங்கு 3(க + 5).

4க + 5 = 3க + 15
க = 10

அப்பா 40. ஐந்து ஆண்டு கழித்து 45-ம் 15-ம், மூன்று மடங்கு. சரி. அப்பாவுக்கு மட்டும் வயது ஏற்றி மகனை அப்படியே விட்டால் 4க + 5 = 3க; மகனுக்கு வயது −5. அவன் இன்னும் பிறக்கவே இல்லை. அடைப்புக்குறியை மறந்து 4க + 5 = 3க + 5 என்று எழுதினால் அப்பாவுக்கும் வயது 0, மகனுக்கும் வயது 0. வயதுக் கணக்கின் பெருமை இதுதான்: தப்பு செய்தால் முகத்திலேயே தெரியும். விடை வந்ததும் 'இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா' என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

நான்கு விடை கொடுத்திருக்கும்போது சமன்பாட்டை எதற்குத் தீர்க்க வேண்டும், ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதும், பல இடங்களில். அதை ஏமாற்று வேலை என்று நினைக்கிற ஆசிரியர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஓர் எண்ணை ஊகித்துக்கொண்டு, கணக்கை ஓட்டி, வந்த விடையைக் கொண்டு ஊகத்தைத் திருத்துகிற முறை பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னே, 499-ஆம் ஆண்டின் ஆரியபட்டீயத்தில் பின்னோக்கிப் போகும் முறை உண்டு. ஓர் எண்ணை 3-ஆல் பெருக்கி 7 கூட்டினால் 22 என்றால், கடைசியிலிருந்து திரும்பி வா: 22-இல் 7 கழி, 15, 3-ஆல் வகு, 5. கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும். நாம் 'அந்தப் பக்கம் போனால்' என்று அரைகுறையாகச் சொல்வதன் முழு வடிவம் இது.

ஆகவே விடையை வைத்துப் பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் எங்கே வைப்பது என்று தெரிய வேண்டும். மூலச் சமன்பாட்டில் வையுங்கள். நீங்கள் பிரித்து எழுதிய இரண்டாவது வரியில் வைக்காதீர்கள். அந்தப் பெண்ணின் 0-ஐ 7 − 2க − 6 = 1 என்ற வரியில் வைத்தால் 7 − 0 − 6 = 1, கனகச்சிதமாகப் பொருந்தும். தப்பான வரி தன் தப்பான விடைக்குச் சாட்சி சொல்லும். விடைகள் ஏறுவரிசையில் இருந்தால் நடுவில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். அது அதிகமா குறைவா என்று பார்த்தாலே பெரும்பாலும் பாதி விடைகள் விழுந்துவிடும். விடைகள் பின்னமாகவும் மைனஸாகவும் இருந்தால், அல்லது கேள்வி 4க + 3 மாதிரி வேறொன்றைக் கேட்டால், நேராகத் தீர்ப்பதே வேகம். தவிர, எல்லாக் கணக்கும் ஒரே எண்ணில் முடியாது. க² = 5க என்பதை இரண்டு பக்கமும் க-வால் வகுத்தால் க = 5 கிடைக்கும்; க = 0 என்ற இன்னொரு விடை தொலைந்துபோகும். மாறியால் வகுக்காதீர்கள்; எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 என்று எழுதுங்கள். 2(க + 3) = 2க + 6 மாதிரி வந்தால் எந்த எண்ணும் விடை; 2க + 3 = 2க + 7 மாதிரி வந்தால் எந்த எண்ணும் விடை இல்லை. க காணாமல் போய்விட்டதே என்று பதற வேண்டாம், மிச்சமிருக்கும் வரி மெய்யா பொய்யா என்று மட்டும் பாருங்கள்.

நேரம் எங்கே சார் இருக்கிறது என்பீர்கள். மூன்று மணி நேரத்தை 200-ஆல் வகுத்தால் ஒரு வினாவுக்கு 54 விநாடி. ஆனால் தமிழ்ப் பகுதியிலும் பொது அறிவிலும் தெரிந்த கேள்விக்கு 20 விநாடி போதும், தெரியாத கேள்வியைப் பத்து நிமிடம் முறைத்தாலும் வராது. அங்கே மிச்சம் பிடிப்பதைக் கணக்குக்குச் செலவிடலாம்; கணக்கு ஒன்றில்தான் கூடுதலாக உட்கார்ந்தால் கூடுதலாக மதிப்பெண் வரும். கால்குலேட்டர் கிடையாது, வினாத்தொகுப்பிலேயே ரஃப் வேலைக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தைக் கஞ்சத்தனம் இல்லாமல் பயன்படுத்துங்கள். இரண்டு படிகளை மனத்திலேயே முடித்து மூன்றாவதை எழுதுவது நேரத்தைச் சேமிப்பதுபோல் தெரியும். நான் பார்த்த தப்புகளில் பெரும்பாலானவை எழுதாமல் விட்ட அந்த இரண்டு படிகளில்தான் இருந்தன. எழுதியிருந்தால் திரும்பிப் பார்த்துப் பிடித்திருக்கலாம்; எழுதாததை எங்கே போய்ப் பார்ப்பது?

குரூப் 4-இல் தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி.-யின் சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் கழிப்பார்கள், ஒரு தப்புக்கு அரை மதிப்பெண். அங்கே 60 நிமிடத்துக்கு 100 வினா வேறு. அந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு வைத்துப் பார்க்கும் பழக்கம் இரட்டை லாபம். சரியான விடையை உறுதி செய்யும், இல்லாவிட்டால் தப்பை வெளியே காட்டிக் கழிபடாமல் காப்பாற்றும்.

இன்னொரு டீ சொல்லலாமா? அதுவரைக்கும் இதைப் போடுங்கள். இதுவரை பேசிய எல்லாமே இதில் இருக்கிறது.

(2க − 1)/3 − (க − 5)/4 = 3 எனில், 2க + 1-இன் மதிப்பு என்ன? விடைகள்: 5, 23, −8/5, 11.

மீ.சி.ம. 12. 4(2க − 1) − 3(க − 5) = 36. பிரித்தால் 8க − 4 − 3க + 15 = 36. 5க = 25, க = 5, கேட்ட 2க + 1 என்பது 11. கேள்வியை மறந்தவர் 5-இல் நின்றுவிடுவார். வலப்பக்கத்தை 12-ஆல் பெருக்க மறந்து, கேள்வியையும் மறந்தவருக்கு −8/5. மைனஸைக் கோட்டைவிட்டு −15 என்று எழுதியவருக்கு க = 11, அதிலிருந்து 23.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைனஸையும் கோட்டைவிட்டு, கேட்டது 2க + 1 என்பதையும் மறந்தவருக்கு க = 11 வரும்; விடைகளில் 11-ஐப் பார்த்து நிம்மதியாக அதையே கறுப்பாக்குவார். எந்திரம் அவருக்கும் ஒன்றரை மதிப்பெண் கொடுத்துவிடும்.